காதும் கண்ணும் கைகொடுக்காத குழந்தைக்கு மொழி: எங்கிருந்து தொடங்குவது?

கேட்பதும் பார்ப்பதும் இரண்டுமே சிரமமான ஒரு குழந்தை உங்கள் பொறுப்பில் வந்திருக்கிறது. நீங்கள் பயிற்சி முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்த சிறப்பாசிரியராக இருக்கலாம், அந்தக் குழந்தையின் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கலாம். சொல்லித்தர ஆசை நிறைய இருக்கிறது. ஆனால் முதல் நாள் காலையில் என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தக் காலையிலிருந்து குழந்தையின் கைக்குச் சொற்கள் வந்து சேரும்வரை உள்ள வேலைகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

அதற்கு முன் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதையைச் சரியாகப் புரிந்துகொள்வோம். 1887 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற சிற்றூரில், ஹெலன் கெல்லரின் ஒரு கையில் குழாய்த் தண்ணீர் விழுந்தது. மறு கையில் ஆசிரியர் ஆன் சல்லிவன் தண்ணீர் என்ற சொல்லின் எழுத்துகளை, எழுத்துக்கு ஒரு விரல் வடிவமாக, ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு என்பது ஆறு வயது ஹெலனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. இதை மட்டும் கேட்டுவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நாலைந்து மாதத்தில் அது வராவிட்டால் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

ஹெலன் 19 மாதம் வரை கேட்டும் பார்த்தும் வளர்ந்தவர். பிறகு ஒரு நோயில் இரண்டும் போயின. நோய்க்குப் பிறகும் வீட்டாரோடு பேசத் தனக்கென்று 60க்கும் மேற்பட்ட சைகைகளை உண்டாக்கி வைத்திருந்தார். மார்ச் 3 அன்று ஆன் வந்து இறங்கியதிலிருந்து ஒரு மாதம் அந்தக் கைக்குள் ஓயாமல் எழுத்துகள் விழுந்துகொண்டே இருந்தன. ஹெலன் அவற்றைத் திருப்பியும் செய்தார், அது ஒரு சொல் என்றே தெரியாமல். இத்தனைக்கும் பிறகுதான் குழாயடி. பிறவியிலேயே இரண்டு புலனும் குறைந்த குழந்தைக்கு இது வருடக்கணக்கில் ஆகலாம். ஹெலனின் கடிகாரத்தை வைத்து உங்கள் குழந்தையை அளக்காதீர்கள். ஆன் சல்லிவனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் செய்த தினசரி வேலையை. அப்போது அவருக்கு வயது 20. யாருக்கும் பாடம் நடத்திய அனுபவம் கிடையாது. டிரகோமா என்ற கண்நோயால் அவருடைய பார்வையும் கெட்டிருந்தது.

முதலில், என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்

இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முழு இருட்டும் முழு நிசப்தமும் இருப்பதில்லை. கொஞ்சம் வெளிச்சம் தெரியும், அல்லது கனமான ஓசை கொஞ்சம் கேட்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. கண் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள். ஓசைக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகின்றனவா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். கண்ணாடியோ காது கேட்கும் கருவியோ கொடுத்திருந்தால் அது அலமாரியில் இருக்கக்கூடாது. பழக நாளாகும், பிடுங்கி எறியும், அப்புறம் பழகிவிடும்.

மருத்துவரின் அறிக்கை பாதிதான். மீதியை நீங்கள் வீட்டில் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்புகிறதா? கறுப்புத் துணி மேல் வைத்த மஞ்சள் பந்தை எத்தனை தூரத்தில் கண்டுகொள்கிறது? மிக்ஸி ஓடும்போது அசைவை நிறுத்துகிறதா? தரையில் காலை ஓங்கி வைத்தால் தலையைத் தூக்குகிறதா? தெரிந்ததையெல்லாம் எழுதி வையுங்கள். கொஞ்சம் பார்வை உள்ள குழந்தையோடு உட்காரும்போது பூப்போட்ட சேலையோ கட்டம்போட்ட சட்டையோ வேண்டாம். வெறும் ஒற்றை நிறத்தில், உங்கள் கை எடுப்பாகத் தெரிகிற மாதிரி உடுத்துங்கள்.

நீங்கள் யார் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்

நமக்கு ஒருவர் வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். இந்தக் குழந்தைக்கு எல்லாரும் திடீரென்று முளைக்கிறார்கள், திடீரென்று மறைகிறார்கள். தூக்கப்படுகிறது, எங்கோ இறக்கப்படுகிறது, வாயில் ஏதோ திணிக்கப்படுகிறது. தொட்டாலே சிலிர்த்துக்கொள்ளும் குழந்தைக்கு அதற்கான காரணம் இருக்கிறது.

அதனால் அருகில் போனதும் முதலில் தோளில் மெதுவாகக் கை வையுங்கள். அங்கேயே கொஞ்சம் இருங்கள். பிறகு தோளிலிருந்து வருடிக்கொண்டே அதன் கைக்கு வாருங்கள். உங்களுக்கென்று மாறாத ஓர் அடையாளம் வேண்டும்: எப்போதும் போடும் தடித்த வளையல், கைக்கடிகாரம், அப்பா என்றால் மீசை. அதைத் தொட்டுப்பார்க்கக் கொடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று வையுங்கள், பாட்டியின் மூக்குத்தி உட்பட. கிளம்பும்போதும் அதே அடையாளத்தைத் தொடவிட்டு, போகிறேன் என்று கையால் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். சொல்லாமல் போய்விடும் பழக்கம் பெரியவர்களிடம் நிறைய இருக்கிறது. அதை முதல் வாரத்திலேயே வீட்டில் பேசி நிறுத்திவிடுங்கள்.

கைக்கு அடியில் உங்கள் கை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்துபார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு பொருளைக் காட்ட வேண்டும் என்றால் நாம் என்ன செய்கிறோம்? குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து, கையை இழுத்துப் பொருள் மேல் வைக்கிறோம். இந்தக் குழந்தைக்குக் கைதான் கண், காது, வாய் மூன்றும். அதைப் பிடித்து அழுத்துவது பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவது போன்றது. கொஞ்ச நாளில் அது கையை மடக்கி இடுக்கிக்கொள்ளும். பிறகு எதையும் தொட வராது.

மாற்றிச் செய்யுங்கள். உங்கள் கை கீழே, குழந்தையின் கை மேலே. உங்கள் விரல்கள் முதலில் பொருளைத் தொடட்டும். அதன் விரல்கள் உங்கள் கை மேல் சவாரி செய்யட்டும். வேண்டும் என்றால் அது தானாக நழுவி இறங்கும், வேண்டாம் என்றால் விலகும். விலகினால் விட்டுவிடுங்கள்.

குளியலை எடுத்துக்கொள்வோம். தினமும் பயன்படுத்தும் அதே மக்கை எடுத்துக்கொண்டு குழந்தையிடம் வருகிறீர்கள். தோளைத் தொட்டு, வளையலைத் தொடவிட்டாயிற்று. உங்கள் விரலால் மக்கின் விளிம்பைச் சுற்றி வருகிறீர்கள், சிறு கை உங்கள் புறங்கை மேல் இருக்கிறது. ஒரு விரல் எட்டிப் பார்க்கிறது, பிளாஸ்டிக்கைத் தொடுகிறது, பின்வாங்குகிறது. திரும்பவும் வருகிறது. அடியில் நேற்றைய ஈரம் கொஞ்சம் இருக்கிறது, அதில் நிற்கிறது. அவசரப்படுத்தாதீர்கள். இருவருமாக மக்கைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு நடக்கிறீர்கள். வாளியின் பக்கவாட்டில் மக்கால் தட்டுகிறீர்கள், அதிர்வு இரண்டு கையிலும் ஏறுகிறது. தண்ணீரை மொண்டு முதலில் உங்கள் கை மேல், பிறகு அதன் விரல் மேல், பிறகு கால் மேல். தலைக்கு ஊற்றுவது கடைசியில், உச்சந்தலையைத் தொட்டுச் சொன்ன பிறகு. முடிந்ததும் மக்கைக் கவிழ்த்து வைப்பதை இருவரும் சேர்ந்து செய்கிறீர்கள். தினமும் இதே வரிசை.

இதில் ஒரு சொல்கூட இல்லையே என்று தோன்றலாம். மொழிக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: இருவர், இருவரும் கவனிக்கும் ஒரு பொருள், அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பு.

குழந்தை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதைக் கேளுங்கள்

ஹெலனுக்கு ரொட்டி வேண்டும் என்றால் துண்டு போட்டு வெண்ணெய் தடவுவது போலக் காட்டுவார். ஐஸ்கிரீம் என்றால் அதைச் செய்யும் எந்திரத்தைச் சுற்றுவது போலச் செய்து, குளிரில் நடுங்கிக் காட்டுவார். இழுத்தால் வா, தள்ளினால் போ. ஆன் வருவதற்கு முன்பே இவை இருந்தன.

உங்கள் குழந்தையிடமும் இருக்கும். அது ஒரு பெருமூச்சாக, முதுகை விறைத்துக்கொள்வதாக, தட்டைத் தள்ளிவிடுவதாக இருக்கலாம். அம்மாவுக்கு மட்டும் புரிகிற ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும். அதனால் ஆசிரியராக வந்தவர் முதல் சில நாள்கள் அம்மாவோடு உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பசி வந்தால் என்ன செய்யும், வலித்தால் என்ன செய்யும், யாரைத் தேடும். அந்தச் சைகைகளை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திணிக்க வேண்டாம். அதற்குப் பதில் சொல்லுங்கள். தட்டைத் தள்ளினால் உடனே தட்டை எடுத்துவிட்டு, முடிந்தது என்ற சைகையை அதன் கையடியில் செய்துகாட்டுங்கள். தான் ஒன்று செய்தால் உலகம் பதில் தருகிறது என்பது தெரிந்த பிறகுதான் எந்தக் குழந்தையும் பேசப் பார்க்கும்.

இங்கே அடம்பிடித்தல் பற்றியும் சொல்ல வேண்டும். கடிப்பது, தலையை முட்டிக்கொள்வது, கிள்ளுவது எல்லாமே பெரும்பாலும் வேறு வழியில்லாமல் வரும் பேச்சு. முதலில் காது வலி, பல் வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது என்று யோசியுங்கள். யாரோ சொல்லாமல் தூக்கியிருப்பார்கள், பிடித்த விளையாட்டு சட்டென்று நின்றிருக்கும். ஆன் சல்லிவன் சாப்பாட்டு மேசையில் ஹெலனோடு மல்லுக்கட்டியதையும், கரண்டியைப் பிடிக்கவைத்ததையும் பலர் வியந்து சொல்வார்கள். என் கருத்தில், நாம் பின்பற்ற வேண்டிய பகுதி அதுவல்ல. வலுவாகப் பிடித்து அடக்குவது இன்றைய முறையில் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்த ஒன்று முக்கியம். ஹெலன் அழுதால் வீட்டார் உடனே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள் என்று கண்டு, தோட்டத்திலிருந்த சிறு வீட்டில் இரண்டு வாரம் அவளோடு தனியாக இருந்தார். நாம் குழந்தையைப் பிரிக்க வேண்டியதில்லை. வீட்டார் எல்லாரையும் உட்கார வைத்து, ஒரே மாதிரி நடந்துகொள்ள ஒப்புக்கொள்ள வைத்தால் போதும்.

அன்றைய நாளை அடுக்கிக் கையில் கொடுங்கள்

1960களில் நெதர்லாந்தில் யான் வான் டைக் என்ற ஆசிரியர், கர்ப்பத்தில் அம்மாவுக்கு வந்த ருபெல்லா தொற்றால் இரு புலனும் குறைந்து பிறந்த குழந்தைகளோடு வேலை செய்தார். பொருள்களை வரிசையாக வைத்து அன்றைய நாளைச் சொல்லும் முறை அவர் வழியாகத்தான் பரவியது. செலவில்லாத முறை, வீட்டிலேயே செய்யலாம்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொருள். சாப்பாட்டுக்கு அது சாப்பிடும் கரண்டி, குளியலுக்கு மக், வெளியே போக அதன் செருப்பு, தூங்க அதன் போர்வையின் ஒரு துண்டு. உண்மையில் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும். பொம்மைக் கார் நம் கண்ணுக்குத்தான் கார். தொட்டுப் பார்க்கிற கைக்கு அது நாலு சக்கரம் வைத்த சின்ன டப்பா. பஸ்ஸில் போவது என்றால், பஸ்ஸில் பிடித்துக்கொள்ளும் கம்பி போல ஒரு குழாய்த்துண்டு வைக்கலாம்.

முதல் மாதம் இரண்டே பொருள் போதும். வேலை தொடங்கும் முன் கொடுங்கள், கையில் வைத்துக்கொண்டே போங்கள், முடிந்ததும் ஒரு கூடையில் இருவரும் சேர்ந்து போடுங்கள். அதுதான் முடிந்தது கூடை. கரண்டி கைக்கு வந்ததும் குழந்தை வாயைத் திறந்தாலோ, சாப்பிடும் இடத்தை நோக்கி நகர்ந்தாலோ, பொருள் பேச ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் இடமிருந்து வலமாக நாலைந்து அட்டைப் பெட்டிகளை ஒட்டி, அன்றைய வேலைகளை வரிசையாக வையுங்கள். காலையில் முதல் பெட்டியிலிருந்து கடைசிவரை தடவிப் பார்ப்பது தினசரிப் பேச்சாகும். நாளை, நேற்று போன்றவை இந்தக் குழந்தைகளுக்கு இந்தப் பெட்டிகள் வழியாகத்தான் வரும். இன்று கோவிலுக்குப் போகவில்லை என்றால், கோவிலுக்கு அடையாளமாக வைத்த தேங்காய்ச் சிரட்டையை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிச் சொல்லலாம். அழுதாலும் எதற்காக அழுகிறோம் என்று அதற்குத் தெரியும்.

நிறுத்துங்கள், காத்திருங்கள்

மடியில் வைத்து ஆட்டுகிறீர்கள், குழந்தைக்குப் பிடித்திருக்கிறது. சட்டென்று நிறுத்துங்கள். கையை எடுக்காமல் அப்படியே இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், தேவைப்பட்டால் இருபது. பெரியவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம். மூன்றாவது நொடியிலேயே கை துறுதுறுக்கும். குழந்தை உடம்பை லேசாக முன்னே தள்ளினால் உடனே ஆட்டுங்கள். இன்னும் என்ற சைகையை அதன் கையில் செய்துவிட்டு ஆட்டுங்கள். சில வாரத்தில் அந்தத் தள்ளல் தெளிவாகும், பிறகு உங்கள் கையைத் தேடி வந்து தட்டும். பேச்சில் முறை மாற்றிக்கொள்வது என்பது இதுதான்.

இந்த ஒரு சைகையிலேயே தேங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதற்கெடுத்தாலும் இன்னும் என்று தட்டும் குழந்தையிடம், எது என்று கேட்டு இரண்டு பொருளை நீட்டுங்கள்.

முதல் சொற்கள்

இப்போது சைகைகள். இந்திய சைகை மொழியின் சைகைகளைக் குழந்தையின் கையடியிலோ உடம்பின் மேலோ செய்யும்படி மாற்றிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பள்ளியிலும் வீட்டிலும் எல்லாரும் அதையே செய்ய வேண்டும். பாட்டி ஒன்று, ஆசிரியர் ஒன்று என்றால் குழந்தைக்கு இரண்டுமே வெறும் அசைவுதான்.

முதல் ஐந்தாறு சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஹெலனுக்கு அதிகம் குழம்பிய சொற்கள் குடிக்கும் கோப்பையும் பாலும்தான். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வந்தன, குடிப்பது என்ற செயலும் அதில் கலந்துகொண்டது. தண்ணீர் மட்டும் தனியாக, குளிர்ந்து, ஓடிக்கொண்டே கையில் விழுந்தபோது முடிச்சு அவிழ்ந்தது. ஆகவே ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்களாக எடுங்கள்: சாப்பிடு, ஊஞ்சல், அம்மா, முடிந்தது. கையின் வடிவமும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கக்கூடாது. நிறங்கள், வடிவங்கள், எண்கள் எல்லாம் இப்போது வேண்டாம். குழந்தைக்கு ஆசையுள்ள விஷயங்களின் பெயர்தான் முதலில்.

சொல் எப்போது வர வேண்டும்? பொருளோ செயலோ நடக்கும் அந்தக் கணத்தில். ஊஞ்சல் நின்ற பிறகு ஊஞ்சல் என்று சொல்லிப் பயனில்லை. சோதனையும் வைக்காதீர்கள். இது என்ன, அது என்ன என்று கேட்டு மடக்கினால் சொல் பாடமாகிவிடும், பேச்சாகாது.

சொல்லை விரலால் எழுத்துக்கூட்டிச் சொல்லும் விரலெழுத்து எப்போது என்று பலர் கேட்பார்கள். ஆன் பயன்படுத்தியது ஒற்றைக் கை எழுத்து. பிரிட்டனில் இவர்களுக்கென்று உள்ள முறையில் ஆங்கில எழுத்துகளைக் கேட்பவரின் கை மேலேயே வைப்பார்கள். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் ஐந்து விரல் நுனிகள், கட்டைவிரலைத் தொட்டால் A, சுட்டுவிரல் என்றால் E. கொஞ்ச காலம் பார்த்தோ கேட்டோ வளர்ந்த குழந்தைக்கு இவை சீக்கிரமே உதவும். பிறவியிலிருந்தே இல்லாத குழந்தைக்குப் பொருளும் சைகையும் உறுதியான பிறகு தொடங்குவது நல்லது. தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்தும் அதேபோல. ஆனால் பிரெயில் புள்ளிகள் வீட்டில் முன்கூட்டியே இருக்கட்டும். பார்க்கிற குழந்தையின் கண்ணில் படிக்கத் தெரிவதற்கு முன்பே எழுத்து பட்டுக்கொண்டுதானே இருக்கிறது? கரண்டியின் பெட்டியில் ஒரு பிரெயில் சீட்டு ஒட்டிவிடுங்கள், போதும்.

சொல் வந்த பிறகு

குழாயடிக்குப் பின் சில மணி நேரத்தில் ஹெலன் ஏறக்குறைய 30 புதுச் சொற்களைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு அடுத்த வாரம் ஆன் எடுத்த முடிவு. உறவுக் குழந்தை ஒன்று, 15 மாதம் இருக்கும், பேசத் தெரியாமலே நிறையப் புரிந்துகொள்வதை அவர் கவனித்தார். மற்றவர்கள் குழந்தையின் காதில் பேசுவது போல நானும் ஹெலனின் கையில் பேசுவேன், முழு வாக்கியமாகப் பேசுவேன் என்று தீர்மானித்தார். மணிகளையும் அட்டைகளையும் வைத்து நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்துவதை மெல்லக் கைவிட்டார். நாள் முழுதும் பேச்சாயிற்று: கோழிக்குஞ்சு பொரிப்பது, செடி முளைப்பது, ஆற்றங்கரைக்கு நடப்பது.

உங்கள் குழந்தை பால் என்று காட்டினால், பால் சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று மூன்று சைகையில் பதில் சொல்லுங்கள். நேற்று நடந்ததைப் பேசுங்கள். நேற்று கடலுக்குப் போனோம் என்றால் அங்கே எடுத்த சிப்பி கையில் இருக்கட்டும். அட்டையில் ஒட்டினால் அதுவே அதன் புத்தகம். உங்களுக்குள் பேசிக்கொள்வதையும் அதற்குச் சொல்லுங்கள். அத்தை வந்திருக்கிறார், அப்பா சிரிக்கிறார். தனக்குச் சம்பந்தமில்லாத பேச்சையும் காதில் வாங்கித்தான் மற்ற குழந்தைகள் பாதி மொழியைக் கற்கிறார்கள். இந்தக் குழந்தைக்கு அது யாராவது கையில் சொன்னால்தான் உண்டு.

மனம் சார்ந்த சொற்களும் வரும், நடக்கும்போதே சொன்னால். ஹெலன் மணி கோத்துக்கொண்டிருந்தபோது வரிசை தவறியது, நிறுத்தி யோசித்தார். ஆன் அவருடைய நெற்றியைத் தொட்டு, யோசி என்ற சொல்லை எழுதினார். தலைக்குள் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பதற்குப் பெயர் அது என்று ஹெலனுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு நோட்டும், ஒரு துணையும்

முன்னேற்றம் அவ்வளவு மெதுவாக வரும், எழுதாவிட்டால் தெரியவே தெரியாது. தேதி, என்ன செய்தோம், குழந்தை என்ன செய்தது என்று மூன்று வரி போதும். போனில் வாரம் ஒரு சிறு வீடியோ எடுத்து வையுங்கள். ஆன் தான் படித்த பாஸ்டனின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் பழகிய விடுதி அம்மாவுக்கு விடாமல் கடிதம் எழுதினார். ஆன் சொல்லித்தந்த விதம் நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவதே அந்தக் கடிதங்களால்தான். அப்படி ஒருவர் உங்களுக்கும் வேண்டும். தனியாகச் செய்ய முடிகிற வேலை இல்லை இது.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம். மும்பையில் 1977 முதல் ஹெலன் கெல்லர் பெயரில் இயங்கும் நிறுவனமும், அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சென்ஸ் இந்தியாவும் இந்தக் குழந்தைகளுக்காகவே வேலை செய்பவை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையும் கேட்கும் திறனும் சேர்ந்து குறைந்த நிலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சான்றிதழ் வாங்கும்போது இரண்டு குறைபாடும் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டால், குழந்தை காது கேளாதோர் பள்ளிக்கும் பார்வையற்றோர் பள்ளிக்கும் இடையில் அலைக்கழிக்கப்படும்.

முதல் முறை நிபுணரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும், வீடியோக்களையும், மக்கையும், கரண்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மக்கைக் கொடுத்தால் அது என்ன செய்கிறது என்பதை அங்கேயே காட்டலாம்.